டிவியில் அழுத பெண்

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் காலேஜ் ஜெயித்துவிட வேண்டும் என்று காலையில் பல் துலக்கும்போதே வேண்டிக்கொண்டேன். எங்கள் காலேஜ் என்று எழுதக் கை கூசுகிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு ஏது காலேஜ். ஆனால் அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் காப்பெல்லில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ, அன்றிலிருந்து அது குடும்பத்துக்கே காலேஜ். காருக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டுவோம். அப்பாவுக்கு 'டாட்' என்று அச்சடித்த பனியன் ஒன்று, அம்மாவுக்கு 'மாம்' என்று ஒன்று வாங்குவோம். அதுவரை ஐந்து நிமிடம்கூட உட்கார்ந்து பார்த்திராத அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு ரசிகர்களாகிவிடுவோம். என்னுடைய பனியனில் இன்னும் கடை அட்டையைக் கிழிக்கவில்லை.

நான் வேண்டிக்கொண்டது ஆட்டத்துக்காக இல்லை. எங்கள் பெண் செப்டம்பரிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை. அக்டோபரில் அந்த செமஸ்டரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அது எனக்குத் தெரியும், அவள் அப்பாவுக்குத் தெரியாது. நவம்பர் கடைசியில் எல்லோரும் வீடு திரும்பி வான்கோழி சாப்பிடும் தாங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், எதிரிக் காலேஜோடு நடக்கும் அந்த ஒரு ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்துவிட்டால், அவர் சந்தோஷமாக இருக்கும் அந்தச் சாயங்காலமே சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன்.

அவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே மாமா என்று கூப்பிட்ட வாய், அமெரிக்கா வந்து இருபத்தொரு வருடம் ஆகியும் மாறவில்லை. அவர் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தவர். பெண்ணோடு பேச அவருக்கு விஷயம் கிடைக்காமல் ரொம்ப நாள் தவித்தார். அவர் தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பதில் சொல்வாள், பேச்சு முடிந்துவிடும். அவள் காலேஜுக்குப் போன பிறகு ஃபுட்பால் விதிமுறைகளையெல்லாம் யூடியூபில் பார்த்துப் பார்த்துப் படித்தார். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். எவன் ஓடினான், எவன் கோட்டைவிட்டான், கோச் ஏன் அப்படிச் செய்தார் என்று. அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. வகுப்பை விட்ட பிறகும், அப்பா கூப்பிடுவார் என்பதற்காக அவள் ஒவ்வொரு ஆட்டத்தையும் அறையில் உட்கார்ந்து பார்த்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். வயிறு வலிக்குது என்றாள். அவள் தமிழில் சொல்கிற விஷயங்கள் நாலைந்துதான், வலி அதில் ஒன்று. மற்றதை ஆங்கிலத்தில் சொன்னாள். காலையில் எழுந்தால் வலிக்கிறது, வகுப்பு நேரம் தாண்டிவிட்டால் விட்டுவிடுகிறது. ஒரு நாள் போகவில்லை, அடுத்த நாள் உள்ளே நுழைய வெட்கமாக இருந்தது, அதற்கடுத்த நாள் அதைவிட வெட்கம். இப்போது ஐந்து வாரம் ஆகிறது.

அந்த வலி எனக்குத் தெரியும்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு எங்கள் வீட்டில் சொல்லும் காரணம் அம்மாவின் ஆபரேஷன். ஆபரேஷன் நடந்தது உண்மை. பதினைந்து நாள் நான் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டதும் உண்மை. ஆனால் அம்மா எழுந்து நடமாடிய பிறகும் நான் போகவில்லை. கணக்கு டீச்சர் எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசையும். நாளைக்குப் போகிறேன் என்று ஒரு வாரம், திங்கட்கிழமையிலிருந்து என்று ஒரு வாரம். யாரும் என்னை நிறுத்தவில்லை. அப்பா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், அப்புறம் பெண்பிள்ளைதானே என்று விட்டுவிட்டார். நிஜம் தெரிந்தது மாமாவுக்கு மட்டும். கல்யாணமான புதிதில், இவரிடம் சொல்லலாம் என்று ஒரு நம்பிக்கை வந்து நானே சொன்னேன்.

அதனால் அவள் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, பயம். இது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கமாட்டாரா. நான்தான் அவளிடம் சொன்னேன், அப்பாகிட்ட நீ எதுவும் சொல்லாதே, நேரம் பார்த்து நான் சொல்றேன் என்று. மறைக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவளே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள்.

நேரம் பார்த்தேன். தீபாவளி வந்தது, நல்ல நாளில் வேண்டாம் என்று விட்டேன். அவர் ஆபீசில் ஆள் குறைப்பு என்று பேச்சு வந்தது, அது அடங்கட்டும் என்று விட்டேன். பிறகு அவருக்குப் பல்வலி. சொல்லாமல் இருக்கக் காரணம் தேடவே வேண்டியிருக்கவில்லை. நடுவில் அவள் காலேஜ் ஊரிலேயே, நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் டேகேர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நாய்க்கும் இங்கே டேகேர் உண்டு. அந்த நாய்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் பழையபடி இருந்தது.

தாங்க்ஸ்கிவிங்குக்கு வரமாட்டேன் என்றாள். அப்பா முகத்தைப் பார்த்து நடிக்க முடியாது, தவிர ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் நாயைக் கொண்டுவந்து விடுவதால் லீவு தரமாட்டார்கள். அவள் ஏன் வரவில்லை என்று அவர் குடைவாரே என்று பயந்தேன். அப்போதும் நான்தான் வழி சொன்னேன். மேட்ச் உங்க ஊர்லதானே நடக்குது, ஸ்டேடியத்துக்குப் போறேன்னு சொல்லிடு என்றேன். அவர் அப்படியே நம்பினார். நம்பியதோடு நிற்காமல் பெருமைப்பட்டுக்கொண்டார். லீவுக்குக்கூட வராம டீமுக்காக நிக்கிறா பாரு என்று ஆபீசில் எல்லோரிடமும் சொன்னார்.

ஆட்டம் பார்க்க அவருடைய சிநேகிதரும் மனைவியும் வந்திருந்தார்கள். சென்னைக்காரர்கள், இரண்டு தெரு தள்ளி வீடு. அவர்கள் பையன் எதிரிக் காலேஜ். போன வருடம் எங்கள் காலேஜ் கடைசி நிமிடத்தில் ஜெயித்தது. அதை மாமா பன்னிரண்டு மாதமும் அவருக்குச் சொல்லிக்காட்டினார். காருக்குப் பெட்ரோல் போடப் போன இடத்தில், ஷட்டில்காக் ஆடும் இடத்தில், ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டும்போது. அந்தக் கணக்கெல்லாம் தீர்க்கும் முகத்தோடுதான் சென்னைக்காரர் சிவப்பு பனியனில் வந்து சோபாவில் உட்கார்ந்தார். மாமா பச்சைப் பனியன்.

பத்து நிமிடத்தில் அவர்கள் பதினான்கு பாயின்ட் எடுத்துவிட்டார்கள். நான் வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்து, கூடத்துக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்ற நேரம் பார்த்து எங்கள் பக்கம் ஒருவன் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று பாயின்ட் எடுத்தான். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கயே நில்லு புள்ள. நகராத."

கிரிக்கெட் பார்த்த காலத்துப் பழக்கம் இது. நல்லது நடந்தால் யார் எந்த இடத்தில் இருக்கிறார்களோ அங்கேயே இருக்க வேண்டும். சென்னைக்காரரின் மனைவி எழுந்து வந்து என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு போனாள். நான் அன்று இருட்டும்வரை அந்த இடத்திலேயே நின்றேன். எங்களுக்குக் கிடைத்தது அந்த மூன்று பாயின்ட்தான். ஆனாலும் அவர் என்னை நகரவிடவில்லை, நானும் நகரவில்லை. நின்றால் ஜெயிப்பார்களோ என்று எனக்கும் ஒரு நினைப்பு.

இடைவேளையில் முப்பத்தொன்றுக்கு மூன்று. சென்னைக்காரருக்குக் குரல் ஏறிவிட்டது.

"தலைவரே, உங்க டிஃபன்ஸ்ல ஆளுங்க இருக்காங்களா, இல்ல எல்லாரும் டர்க்கி சாப்பிட வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

கோச்சைத் தூக்க வேண்டும், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்குத் தோளில் அடிபட்டதை மறைக்கிறார்கள் என்று மாமா சொல்லிக்கொண்டே போனார். தோள்ல அடிபட்டா சரி, கண்ணுலயுமா, பந்தை நேரா எங்க பையன் கையிலயே குடுக்கறானே என்றார் சென்னைக்காரர். பேச்சு மெல்ல ஆட்டத்தைவிட்டு நகர்ந்தது. எங்கள் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எத்தனாவது ரேங்க், அவர்களுடையது எத்தனாவது, எந்தக் கம்பெனி எங்கே ஆள் எடுக்க வருகிறது, போன கோடையில் யார் பிள்ளைக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது. எத்தனை சொன்னாலும் சென்னைக்காரர் டிவியின் மூலையைக் காட்டி, அந்த போர்டைப் பாருங்க தலைவரே என்பார். மாமா வாயை மூடிக்கொள்வார். யாரோ இருபது வயதுப் பையன்கள் விழுந்து புரள்வதை வைத்து இவர்கள் இரண்டு பேரும் பெற்ற பிள்ளைகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. என் போனில் அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி உண்டு. மாமா அதை வைத்துக்கொள்ளமாட்டார், பிள்ளையை நம்பணும் என்பார். நான் நாளைக்கு இருபது தடவை பார்ப்பேன். அன்றும் பார்த்துக்கொண்டே நின்றேன். புள்ளி ஸ்டேடியத்திலிருந்து ஆறு மைல் தள்ளி, நாய்கள் இருக்கும் இடத்தில் அசையாமல் இருந்தது.

சென்னைக்காரரின் பையன் ஸ்டேடியத்திலிருந்து ஒரு செல்ஃபி அனுப்பினான். முகம் முழுக்கச் சிவப்புச் சாயம். அவர் அதை மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். உடனே மாமா எங்கள் பெண்ணுக்கு மெசேஜ் போட்டார், எந்த வரிசையில் இருக்கிறாய், ஒரு போட்டோ அனுப்பு என்று. பதில் வரவில்லை. அத்தனை பேர் இருக்கிற இடத்தில் நெட்வொர்க் கிடைக்காது மாமா என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். அதிலிருந்து அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் கேமரா திரும்பும்போதெல்லாம் சோபாவின் நுனிக்கு வந்து தேடினார்.

மூன்றாவது குவார்ட்டர் முடியப் போகும் நேரம். தோற்கிற பக்கத்துச் சோகத்தைக் காட்டுவதில் டிவிக்காரர்களுக்கு ஓர் ஆசை உண்டு. பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண், நம் ஊர் நிறம், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதை அருகில் காட்டினார்கள்.

மாமா எழுந்தே விட்டார். "அதோ பாரு. நம்ம பொண்ணு."

ரிமோட்டை எடுத்து, பின்னால் ஓட்டி, நிறுத்தினார். பெரிய டிவியில் அந்தப் பெண்ணின் அழுகை அப்படியே நின்றது. நெற்றி கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. முடியும் அந்த நீளம்தான். கை வாயையும் கன்னத்தையும் மறைத்திருந்தது. மூன்று மாதமாகப் பார்க்காத ஒரு தகப்பனுக்கு அது போதும். சென்னைக்காரரும் ஆமா ஆமா அவளேதான் என்றார். அந்த நேரத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் அவர் டிவியைப் போட்டோ எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். எங்க பொண்ணு அமெரிக்கா டிவியில என்று எழுதி.

சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனாருக்கு அது காலை நேரம். அமெரிக்காவிலேயே எடிசனில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கு எங்களைப்போல் சாயங்காலம். எங்கள் ஊர் கோபியில் விடியுமுன் எழுந்துவிடும் பெரியவர்கள் இரண்டு பேர். எல்லோரும் வரிசையாகக் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். நாத்தனார் மட்டும், புள்ள ஏன் அழுவுது என்று கேட்டிருந்தாள்.

சென்னைக்காரரின் மனைவி டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அவ மூக்கு குத்தியிருக்காளா?"

விரல்களுக்கு மேலே, மூக்கில் ஒரு புள்ளி மின்னியது. மாமா கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். செப்டம்பர்ல குத்திக்கிட்டா, நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல என்றேன். எங்கிருந்து அத்தனை சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் கொஞ்சம் முறைத்தார், பிறகு, இதுல திட்டறதுக்கு என்ன இருக்குது என்று உட்கார்ந்தார். சென்னைக்காரரின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான்காவது குவார்ட்டரில் நாற்பத்தைந்துக்கு மூன்று. ஸ்டேடியத்தில் பச்சைக் கூட்டம் எழுந்து வெளியே போக ஆரம்பித்தது. வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகளைக் காட்டினார்கள். சென்னைக்காரர் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"என்ன தலைவரே, உங்க பொண்ணும் அழுது முடிச்சிட்டுக் கெளம்பியிருக்கும் போல."

மாமா சிரிக்கவில்லை. "எல்லாரும் போவாங்க. எம் பொண்ணு போவமாட்டா. பாதில எந்திரிச்சு வர்றவ இல்ல அவ."

அவர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. என்னை நினைத்துச் சொல்லவும் இல்லை. ஆனால் நான் மூன்று மணி நேரமாக நின்ற காலில் நின்றுகொண்டிருந்தேன், பாதியில் எழுந்து வந்தவள். என் கையில் போன் அதிர்ந்தது. அவள்தான். அம்மா, யார் அந்தப் பொண்ணு என்று கேட்டிருந்தாள். அடுத்ததாக, நீ இன்னும் சொல்லவே இல்லையா என்று. நான் குரூப்பைத் திறந்து பார்த்தால் அவள் பெயருக்குக் கீழே, எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

எழுதப் போகிறாள். அது நான் இல்லை, நான் காலேஜிலேயே இல்லை என்று சிங்கப்பூரும் எடிசனும் கோபியும் பார்க்க எழுதப் போகிறாள். அதைப் படித்து அவர் தெரிந்துகொள்வதைவிட என் வாயால் தெரியட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். பயத்தில் வந்துவிட்டது.

"மாமா, அது நம்ம பொண்ணு இல்ல. அவ மேட்சுக்குப் போகல. காலேஜுக்கே போகல, செப்டம்பர்லருந்து."

சென்னைக்காரர் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். அவர் மனைவி தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாத டிவியில் சிவப்புக்காரன் ஒருவன் தன்னைத் தொட ஆளே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தான். மாமா என்னைப் பார்த்தபடியே இருந்தார். எங்கே இருக்கிறாள், உடம்புக்கு என்ன என்றெல்லாம் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அப்ப மூக்குத்தி?" என்றார்.

"குத்தல."

அவர் தலையை ஆட்டினார், ஏதோ கணக்கு சரியாகிவிட்டதுபோல. அப்போது அவர் போன் அதிர்ந்தது. குரூப்பில் அவள் எழுதிவிட்டிருந்தாள். அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நாத்தனாரின் கேள்விக்கு அவள் பதில் எழுதியிருந்தாள். நாங்க தோத்துட்டிருக்கோம்ல அத்தை, அதான் அழறேன் என்று, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் அழுகிற பொம்மைகள் இரண்டு. அப்பா முகம் கெடக்கூடாது என்று அந்தப் பெண்ணாகவே ஆகிவிட்டாள். நான் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் போதும்.

சென்னைக்காரர்கள் செருப்பு மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம் தலைவரே என்று மாமாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அந்தப் பரிவைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை. ஐம்பத்திரண்டுக்கு மூன்று என்று ஆட்டம் முடிந்தது. அவர் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். நான் கூடத்தில் உட்கார்ந்தேன். கால் இரண்டும் மரத்திருந்தது. உள்ளிருந்து கத்தும் சத்தம் வருமென்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு இடத்தில் அவர் அழுததுபோல் இருந்தது, ஒரு இடத்தில் சிரித்ததுபோலவும்.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"எங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னது நீதானாமே."

ஆமாம் என்றேன். அவரிடம் அவள் நேராகச் சொல்லியிருந்தால் அக்டோபரிலேயே முடிந்திருக்கும். சொன்னதுதான் சொன்னாய், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா, அந்தச் சென்னைக்காரன் எதிரிலா என்று பிறகு இரண்டு நாள் கேட்டார். அதுவும் நியாயம்தான். அடுத்த வாரம் இந்தியக் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தபோது, பழக்கமே இல்லாத ஒரு அம்மாள் வந்து, பொண்ணு இப்ப எப்படி இருக்கா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டதை நான் வீட்டில் சொல்லவில்லை.

பெண் என்னிடம் பேசியது ஆட்டம் முடிந்து நாலு நாள் கழித்து. கோபமாகத்தான் பேசினாள், ஆங்கிலத்தில், வேகமாக. எனக்குப் புரிந்தது இவ்வளவு. இரண்டு மாதம் சொல்லாமல் இருக்க முடிந்தது உன்னால், இன்னும் ஒரு மணி நேரம் இருக்க முடியவில்லையா. மேட்ச் முடியும் வரைக்கும் நான் அந்தப் பெண்ணாகவே இருந்திருப்பேன், அப்புறம் நானே அப்பாவிடம் சொல்லியிருப்பேன். நீ எனக்காகச் சொல்லவில்லை, உன் பயத்துக்காகச் சொன்னாய்.

இதை அவள் எத்தனை நாளாக யோசித்துச் சொன்னாளோ.

டிசம்பரில் சாமான்களோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவரே அலைந்து இங்கே பக்கத்திலேயே, எல்லோருக்கும் இடம் கிடைக்கும் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வகுப்புக்கு மட்டும் சேர்த்துவிட்டார். குரூப்பில் அந்தப் போட்டோவை அழிக்க வேண்டாம், யாராவது கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். அந்த வருடம் மிச்சமிருந்த, மற்ற காலேஜ்களின் ஆட்டங்களை ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். போனில் அரை மணி நேரம் பேசியவர்கள் இப்போது நேரில் பேசினார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நிற்காது. நான் வந்தது தெரியாததுபோல் தொடரும். என்னிடம் அவள் கேட்பது சாப்பாடு, துணி, கார் சாவி.

ஜனவரியில் முதல் நாள் வகுப்புக்கு அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஃப்ரீவேயில் ஓட்ட எனக்குப் பயம், தெருத் தெருவாகச் சுற்றி முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம். பார்க்கிங்கில் நிறுத்திய பிறகு அவள் இறங்கவில்லை. பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் போனது. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, வயிறு.

இப்போதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இருபத்தொரு வருடமாக இந்த ஊரில் யாருக்கும் சொல்லாததை, ஆபரேஷன் கதை இல்லாமல், நான் பள்ளிக்கூடத்து வாசல்வரை போய்த் திரும்பி வந்த நாட்களைப் பற்றி. உன்னை மாதிரியே நானும் என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா," என்றாள். "அப்பா சொல்லிட்டார். அன்னிக்கு போன்லயே சொன்னார்."

என்ன சொன்னார் என்று கேட்டேன். அப்பா சொன்னாராம், இது உன் தப்பு இல்லை கண்ணு, உங்கம்மாவுக்கு இருந்தது உனக்கும் வந்திருக்கிறது, அவளும் இப்படித்தான் பயந்து பயந்து படிப்பை விட்டாள், உன்னை நான் அப்படி விடமாட்டேன் என்று. அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்ததாம். சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவள் மேல் தப்பில்லை என்று ஆனதில் எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று எப்படிச் சொல்வேன்.

அவள் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் ஆபீசில் இருந்தார், உடனே எடுத்தார். வயிற்றைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. கோச்சை மாற்றிவிட்டார்களாம், புதிதாக வருபவர் எப்படி, அடுத்த வருடமாவது டிஃபன்ஸ் தேறுமா என்று பேசினார்கள். பேசிக்கொண்டே கதவைத் திறந்தாள், பேசிக்கொண்டே நடந்தாள். கண்ணாடிக் கதவுக்குள் போகும்வரை போன் அவள் காதில் இருந்தது.

நான் வண்டியை எடுக்கவில்லை. பாதியில் வெளியே வந்துவிட்டால் யாராவது இருக்க வேண்டாமா என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வகுப்பு முடிந்துதான் வந்தாள். என் காரைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்து, நீ இன்னும் போகலையா என்று கேட்டாள். அப்பா ஆபீசிலிருந்து கிளம்பிவிட்டாராம், அவளைக் கூட்டிக்கொண்டு போக.